புள்ளிக்கோட்டுப் பெட்டி

ஆகஸ்ட் 2, சனி

அம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளை எட்வின் சார். சபைப் பாடகர் குழுவில் அம்மா ஆல்டோ குரல், அவர் பேஸ் குரல். தபால் நிலையத்தில் வேலை. மனைவி தவறிப் பல வருடமாகிறது, பிள்ளைகள் கிடையாது. அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. அப்பா போய் ஒன்பது வருடம்.

"ஒனக்கு என்ன தோணுது பியூலா?" என்று கேட்டாள்.

சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். கல்லூரியில் தர்க்கச் சிந்தனை பாடம் எடுக்கிறவள் நான். கணவனை இழந்தவள் மறுபடி கல்யாணம் செய்யக் கூடாது என்பதற்கு உருப்படியான ஒரு காரணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். இறங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. தொட்டி அவ்வளவு ஒன்றும் அழுக்கில்லையே என்றாள் அம்மா. கழுவி வெகு நாளாயிற்று என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தேவதாஸ் பெரியப்பா வாசலில் நின்றார். அப்பாவின் அண்ணன், அம்மாவுக்கு அத்தான் முறை. அப்பா இருந்தவரை கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார். அப்பா போனபின் எங்கள் வீட்டு விஷயம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பதைத் தன் ஊழியமாகவே எடுத்துக்கொண்டவர்.

"கிரேசு, கேள்விப்பட்டது நெசமா?"

"நெசந்தான் அத்தான். காப்பி குடிக்கியளா?"

"காப்பி கெடக்கட்டும். ஊரு என்ன பேசும்னு யோசிச்சியா? இந்த வயசுல இது தேவையா? கல்யாணத்துக்கு ஒரு கொமரு நிக்கா. அவளுக்கு முந்தி நீ கழுத்த நீட்டுனா அவளுக்கு எவன் வருவான்?"

கொமரு என்றால் நான்தான். வயது இருபத்தெட்டு.

"எனக்காவ யாரும் கவலப்பட வேண்டாம் பெரியப்பா," என்றேன்.

"பெரியவங்க பேசுத எடத்துல நீ வாயத் தொறக்காத."

"என்னப் பத்திப் பேசுத எடத்துல நான் தொறக்காம யாரு தொறப்பா?"

அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. "ஓலை வாசிக்கட்டும். நான் எந்திரிச்சு நிக்கேனா இல்லையான்னு பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்களின் பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்று ஐயர் கேட்பார். (குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம்.) நான் பிறந்ததிலிருந்து ஒருவரும் எழுந்து பார்த்ததில்லை. வருகிற ஞாயிறு முதல் வாசிப்பு, இருபத்து நான்காம் தேதி கடைசி. இருபத்தெட்டு வியாழக்கிழமை கல்யாணம். எழுந்து நிற்கட்டும். நான் சும்மா விடுவேனா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உள்தேர்வு மேற்பார்வை. கால் கடுக்கிறது. வீடு வரும்போது இருட்டிவிட்டது. அம்மா சாப்பிடாமல் காத்திருந்தாள். நீங்க சாப்பிட வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டுத் தட்டை என் அறைக்கு எடுத்து வந்தேன். விடைத்தாள் குவிந்து கிடக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று பெரியப்பாவை வரைந்தேன். அதாவது அவருடைய வாதத்தை.

வகுப்பில் முதல் வாரமே இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். ஒருவர் எதைச் சாதிக்கப் பார்க்கிறாரோ அதை மேலே ஒரு பெட்டியில் எழுது. அதற்கு அவர் சொல்லும் காரணங்களைக் கீழே எழுது. ஒரு பெட்டிக்கு ஒரு கூற்றுதான். கீழிருந்து மேலே அம்புக்குறி போடு. மறுப்பு என்றால் சிவப்பு. வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருப்பதைப் புள்ளிக்கோட்டால் பெட்டி போட்டு உள்ளே எழுது. பாதிச் சண்டை அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்ததுமே முடிந்துவிடும்.

சார்ட் பேப்பரைக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். மேலே: கிரேஸ் மறுமணம் செய்யக் கூடாது. கீழே மூன்று பெட்டிகள். ஊர் பேசும். வயதாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள்.

சிவப்புப் பேனாவை எடுத்ததும் மூன்றும் சரிந்தன. ஊர் பேசும் என்பது நடக்கப் போவதைச் சொல்கிறது, செய்யக் கூடாது என்பதற்கு அது எப்படிக் காரணமாகும்? அம்மா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றபோதும்தான் ஊர் பேசியது. வயதைப் பொறுத்தவரை சபைச் சட்டத்தில் குறைந்த வயதுதான் உண்டு, கூடிய வயது கிடையாது. மகள் நிற்கிறாளா என்பதை மகளிடம் கேட்டிருக்கலாம்.

ஆனால் இப்படி ஜெயிப்பது வெட்கக்கேடு. நான் பாடம் எடுக்கும் முறையே வேறு. எதிராளியின் வாதத்தில் ஓட்டை உடைசல் இருந்தால் முதலில் நாமே அதை அடைத்துக் கொடுக்க வேண்டும். அவரே கட்டியிருக்க முடியாத அளவுக்கு நன்றாகக் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் இடிக்கலாம். பெரியப்பாவின் வாதத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அம்மாவுக்குத் துணை ஏன் தேவையில்லை என்று அவர் சொல்லவே இல்லை. யோசிக்காமலே கை எழுதிவிட்டது. புள்ளிக்கோட்டுப் பெட்டிக்குள்:

மகள் இருக்கிற தாய்க்கு வேறு துணை வேண்டியதில்லை.

கச்சிதமாகப் பொருந்தியது. மொத்த வாதமும் நிமிர்ந்து நின்றது. இதை இடிப்பதுதான் வேலை. தூக்கம் வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எட்வின் சார் வந்திருந்தார். பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தார்கள். ஒரே வரிக்கு இத்தனை சிரிப்பு எதற்கு என்று தெரியவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. டீ குடிக்கும்போது உறிஞ்சுகிற சத்தம் என் அறை வரைக்கும் கேட்கிறது.

புள்ளிக்கோட்டுப் பெட்டிக்கு மறுப்பு இன்னும் எழுதவில்லை. நேரம் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் வாசிப்பு. "இது முதலாந்தரம்" என்று ஐயர் சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தார். நான் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து வேதப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் அசையவில்லை. வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மத்தியானம் பெரியப்பா மகள் ஷைனி வந்தாள். பி.எட். படிக்கிறாள். சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க அப்பா இவ்வளவு அறிவாவா பேசுனாவ?" என்று கேட்டாள். அவர் பேசியது இவ்வளவு, நான் சேர்த்தது இவ்வளவு என்று பெட்டி பெட்டியாக விளக்கினேன். புள்ளிக்கோடு எதற்கு என்றும் சொன்னேன். பாடத் திட்டத்துக்கு உதவும் என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். இந்தக் குடும்பத்தில் என் வேலையை ஆர்வமாகக் கேட்க ஒருத்தியாவது இருக்கிறாள்.

ஆகஸ்ட் 13, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய மறந்தவள் நான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாம் வாசிப்பு. ஐயர் தடை கேட்டார். பெரியப்பா எழுந்து நின்றார். சபை மொத்தமும் திரும்பியது.

"ஐயரே, நான் ஊரு பேசும்னு சொல்ல வரல. வயசப் பத்தியும் சொல்ல வரல. மக இருக்கிற தாய்க்கு வேற தொணை வேண்டியதில்ல. இது என் வார்த்தை இல்ல. அவ பெத்த மக எழுதி நடு வீட்டுல ஒட்டி வச்சிருக்கா. அந்தப் புள்ளைக்குச் சம்மதமில்ல." அவர் கையில் போன் இருந்தது. திரையில் ஷைனி எடுத்த போட்டோ, அதில் என் கையெழுத்து.

அது அப்படி இல்லை, அது எதிராளியின் வாதத்தைப் பலப்படுத்துகிற முறை என்று ஆராதனை நடுவில் எழுந்து பாடமா எடுக்க முடியும்? பாடகர் வரிசையில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார்.

"தேவதாஸ் அண்ணாச்சி சொன்னது சபைச் சட்டப்படி தடை கெடையாது," என்றார். "ஆனாலும் சபையில பேச்சாயிட்டு. அடுத்த ஞாயிறு பியூலா எந்திரிச்சு எனக்குச் சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். எல்லாரும் சமாதானமாப் போயிரலாம்."

"எனக்கு அம்பத்தொரு வயசு ஐயரே," என்றாள் அம்மா. "மகள்ட்ட சம்மதம் வாங்கிட்டு வரணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டத்துல இல்ல. ஒரு நல்லெண்ணத்துக்குச் சொல்லுதேன்."

"நல்லெண்ணத்த அத்தான்கிட்ட கேளுங்க. ஓலைய வாசியுங்க. வாசிக்க மாட்டேன்னா சொல்லுங்க, பதிவு ஆபீசுக்குப் போயிக்கிடுதோம்."

வாசிப்பேன் என்றார் ஐயர். பெரியப்பா என் பக்கம் திரும்பி, "எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான் மக்ளே," என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் அம்மா குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்து விளக்கினேன். என் முறை என்ன, பெரியப்பாவின் வாதத்தில் என்ன ஓட்டை, அதை ஏன் அடைத்தேன், ஷைனி எப்படி ஏமாற்றினாள் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"உங்க பெரியப்பா அப்படிச் சொன்னாவளா?"

"சொல்லல. ஆனா அவிய வாதம் நிக்கணும்னா அது வேணும்."

"எனக்குத் தொணை இருக்கா இல்லையான்னு அவிய என்னைக்கு நெனச்சாவ? ஒன்பது வருசத்துல ஒரு நாளு கேட்டதில்ல. அவியளுக்கு ஊருதான் பெருசு. அது அவிய பெட்டி இல்ல பியூலா. ஒன் பெட்டி."

இல்லை என்று சொன்னேன். நான்தானே உங்களுக்காக முதலில் வரிந்து கட்டியவள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சண்டை போட்ட. ஒத்துக்கிடுதேன். எனக்காவ ஊரோட சண்டை போட்ட. என் கூட உக்காந்து ஒரு வா சோறு தின்னியா?"

அதன் பிறகு சொன்னாள். ஜூன் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். நான் அப்போது கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் இருந்தேன். எட்வின் சார்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

"ஏம்மா எனக்குச் சொல்லல?"

"சொன்னா ஓடி வருவ. பொறவு அதயே காரணமா எழுதி அம்பு போடுவ, அம்மாவுக்கு ஆளு தேவைன்னு. விழுந்தா தூக்க பக்கத்து வீட்டுலயும் ஆளு உண்டு. நான் அதுக்காவ கெட்டல. எனக்கு அவியளப் பிடிச்சிருக்கு. அதுக்குக் கீழயும் காரணம் எழுதணுமாட்டி?"

வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அது என் பெட்டி இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சரி, என் பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதை எல்லாப் பெட்டியையும் போலச் சோதிக்க வேண்டியதுதான். மகள் இருக்கிற தாய்க்கு வேறு துணை வேண்டியதில்லை. ஆதரவாக என்ன இருக்கிறது? ஒரே வீட்டில் இருக்கிறேன். கேஸ் பதிவு செய்கிறேன் (மறக்காதபோது). மறுப்பாக என்ன இருக்கிறது? சென்ற வாரம் அம்மாவும் நானும் எதைப் பற்றிப் பேசினோம் என்று யோசித்தேன். என் டிபன் டப்பா மூடி காணாமல் போனது. கரன்ட் பில். வேறு நினைவில்லை. அவள் எதற்குச் சிரிப்பாள் என்று எழுதப் போனேன், அதற்கும் எட்வின் சார் வந்த நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சிவப்புப் பேனாவால் பெரிய கோடாகப் போட்டு அடித்தேன். பெட்டி தவறு, நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் எழுதி முடித்து அரை மணி நேரம் அழுதேன். தவறு என்று நிரூபித்த பிறகும் அது அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதற்கு என் பாடத்தில் எந்த வழியும் சொல்லவில்லை. அம்மா எட்வின் சார் வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. ஒன்பது வருடம் நாங்கள் இரண்டு பேரும்தானே சமாளித்தோம்?

ஆகஸ்ட் 21, வியாழன்

கல்லூரி வாசலில் எட்வின் சார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீயை அவர் குடிக்கவே இல்லை.

"பியூலா, நான் சுத்தி வளைக்காமக் கேக்குதேன். ஒனக்கு இதுல மனசில்லன்னா நான் ஒதுங்கிக்கிடுதேன்மா. கிரேஸ்ட்ட நானே ஏதாவது சொல்லிக்கிடுவேன். ஒன் பேரு வராது."

ஒரு வார்த்தை போதும். சபையில் எழுந்து நிற்க வேண்டாம், பெரியப்பாவோடு மல்லுக்கட்ட வேண்டாம், யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்த வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"அம்மாகிட்ட கேட்டியளா சார்?"

"இல்ல. ஒன்கிட்டதான் மொதல்ல."

அப்போதுதான் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பெரியப்பா என்னைக் காட்டித் தடுக்கிறார். ஐயர் என் ஒரு வார்த்தையைக் கேட்கிறார். இவரும் என்னிடம் வந்து நிற்கிறார். கல்யாணம் அம்மாவுக்கு. அவளைத் தவிர எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்.

"அம்மாகிட்ட கேக்காம என்ட்ட கேக்கது சரியில்ல சார். ஏதாவது சொல்லி ஒதுங்குனா அவிய நம்புவாவளா? ஒங்கள விட எங்க அம்மாவ எனக்குத் தெரியும்," என்றேன். சொல்லி முடித்ததும், அது உண்மையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். பிறகு ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். அதே உறிஞ்சல் சத்தம். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

பெரியப்பா போன் செய்தார். நாளைக்கு நீ எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எங்கள் வீட்டிலேயே வந்து இரு என்றார். நாளைக்குக் கட்டாயம் எழுந்து பேசுவேன் பெரியப்பா என்றேன். குரலில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாம் வாசிப்பு. ஐயர் பெயர்களை வாசித்தார், தடை இருக்கிறதா என்று கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். முன் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"போன வாரம் பெரியப்பா காட்டுன வரி நான் எழுதினதுதான். பெரியப்பா மனசுல உள்ளதுன்னு நெனச்சு எழுதினேன். அது என் மனசுல உள்ளது."

பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பெரியப்பா முகம் மலர்ந்திருந்தது.

"ஐயர் என்னயச் சம்மதம்னு சொல்லச் சொன்னாவ. பொய் சொல்ல எனக்கு வராது. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்ல. அம்மா வேற வீட்டுக்குப் போவத நெனச்சா வயித்தெரிச்சலா இருக்கு. அது என் பாடு. எனக்கு வருத்தம்கிறது காரணம் ஆவாது. எங்க பெரியப்பாவுக்குப் பிடிக்கலங்கிறதும் காரணம் ஆவாது. எங்க அம்மா எங்கிட்ட சம்மதம் கேக்கல, நான் குடுக்கவும் வேண்டாம். நான் சம்மதிச்சாலும் சம்மதிக்காட்டாலும் இந்தக் கல்யாணம் நடக்கணும். ஐயரே, தடை ஒண்ணும் இல்ல. மேல வாசியுங்க."

உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா பாதி எழுந்தார். "அப்பொ சம்மதமில்லன்னு ஒத்துக்கிட்டாள்லா ஐயரே," என்றார்.

"ஒத்துக்கிட்டா அண்ணாச்சி. அது தடையில்லன்னும் சொல்லிட்டா. உக்காருங்க," என்றார் ஐயர். "இது மூன்றாந்தரம்."

அடுத்து ஞானப்பாட்டு. அம்மா புத்தகத்தைத் திறந்து பாடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறதா என்று பார்த்தேன், எல்லோர் குரலோடும் கலந்துதான் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் எனக்காக நின்றாள். ஸ்கூட்டர் வரைக்கும் நடந்தோம். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சபைக்கு முன்னால சம்மதம் இல்லன்னு சொல்லிட்டியேட்டி."

"பொய் சொல்லச் சொல்லுதியளா?"

"வேண்டாம்." சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். "வியாழக்கிழமை பட்டுச் சேலையக் கெட்டிட்டு என் பக்கத்துல வந்து நில்லு. சம்மதம் பொறவு வந்தா வரட்டும்."

ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் இறைச்சிக் கடையில் நிறுத்தி அரைக் கிலோ வாங்கினோம். மத்தியானம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.